இரவல் சார்ஜர்

வண்டியைக் கிளப்பிய முதல் எட்டு நிமிடம் அக்கா வாயைத் திறக்க மாட்டாள். கூரை இடிந்து விழுகிறது என்று சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டுவாள். தம்பி பதினேழு வருடமாக இதைப் பார்த்து வந்தான். சாவியைத் திருப்புவாள். இஞ்சின் பிடித்ததும் ஜன்னலை இரண்டு விரல்கடை இறக்குவாள். ரேடியோ கிடையாது, ஃபேன் கிடையாது. எண்ணெய்ச் சூட்டைக் காட்டும் முள் நடுக்கோட்டைத் தொடும் வரைக்கும் வண்டி நிறைமாதக்காரி போலப் பதவிசாக நடக்கும். முள் தொட்டதும் ஒரு பெருமூச்சு விட்டு, "ம், இப்ப சொல்லு. என்னமோ சொன்னியே?" என்பாள். அதற்குள் சொல்ல வந்தவனுக்கு அது மறந்து போயிருக்கும்.

இதனால் உறவில் அவளுக்குத் தலைக்கனம் பிடித்தவள் என்று பெயர். ஒருமுறை பின் சீட்டில் ஏறிய பெரியம்மா எட்டு நிமிடத்தில் ஒன்பது கேள்வி கேட்டாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. இறங்கியதும் அம்மாவைப் பிடித்துக்கொண்டு, உன் மகள் பேசுவதற்குக் காசு கேட்பாளா என்றாள். அம்மாவா சளைப்பவள்?

"அப்படியில்லக்கா. வண்டி பேசிட்டிருந்துச்சு. பெரியவங்க பேசும்போது குறுக்க பேசக் கூடாதுன்னு சொல்லி வளத்திருக்கேன்."

கேலியாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். அந்த எட்டு நிமிடமும் அக்கா வண்டியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பார்வைக்கு அது ஒரு பொருட்டே இல்லாத கார். மூன்று கதவு. பின்பக்கம் கத்தியால் நறுக்கினாற்போல முடிந்துவிடும். சிவப்புச் சாயம் மேற்கூரையில் வெளுத்து ரோஸாகியிருந்தது. வயது முப்பதுக்கு மேல். ஆனால் கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா? போனட்டுக்குள் இஞ்சினோடு ஒட்டிக்கொண்டு சூப்பர்சார்ஜர் என்று ஒன்று இருந்தது. மற்ற இஞ்சின்கள் தமக்கு வேண்டிய காற்றைத் தாமே இழுத்துக்கொள்ளும். இதற்கு அந்தச் சார்ஜர், இஞ்சினின் பெல்ட்டிலேயே ஓடி, காற்றை அமுக்கி அமுக்கி ஊட்டிவிடும். உண்ட தெம்பில் அந்தச் சின்னக் கார் மேட்டுச் சாலையில் பெரிய பெரிய கார்களை ஓரங்கட்டிவிட்டுப் போகும். அப்போது ஒரு சத்தம் வரும், பக்கத்து அறையில் யாரோ ஒரே சுரத்தில் முனகுவது போல. கேட்டவர்கள் திரும்பிப் பார்க்காமல் இருந்ததில்லை.

அக்கா டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பகல் முழுவதும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, சைக்கிள்கூட முந்திப் போகிற வேகத்தில், "ஹாஃப் கிளட்ச், ஹாஃப் கிளட்ச்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். கற்றுக்கொள்ள வந்தவர்கள் முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ஹாஃப் கிளட்ச் அக்கா.

அந்த ஸ்கூல் முதலாளிதான் இந்தக் காரை முதலில் ஏலத்தில் எடுத்தவர். சின்ன வண்டி, கற்றுக்கொடுக்கத் தோது என்று நினைத்து, பக்கத்து சீட்டின் காலடியில் இன்னொரு பிரேக்கையும் பொருத்திவிட்டார். இரண்டாவது வாரமே ஒரு தையல்காரம்மா பயத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க, வண்டி அம்பாகப் பாய்ந்து ஸ்கூல் பெயர்ப்பலகையையே சாய்த்துவிட்டு நின்றது. முதலாளி அன்றே பழைய இரும்புக்காரருக்கு ஆள் அனுப்பினார். அக்கா குறுக்கே விழுந்து, அதே எடை விலைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன் என்றாள். எடுத்துக்கோ, ஆனால் இனிமேல் அதை என் கண்ணில் காட்டாதே என்று அவர் சாவியை மேசையில் போட்டார்.

அந்த இரண்டாவது பிரேக்கை அவள் கழற்றவே இல்லை. அது தம்பியின் இடமாகிப் போனது. பன்னிரண்டு வயதில் அங்கே உட்கார்ந்தவன், பட்டம் வாங்கி, குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவில் சேர்ந்து, வருகிற புகாருக்கெல்லாம் 'கவனிக்கப்படும்' என்று பதில் எழுதுகிற ஆளான பிறகும், அதே சீட்டில் அதே பிரேக்கின்மேல் காலை வைத்தபடிதான் போய் வந்தான். ஒருநாளும் அதை மிதித்ததில்லை.

வாங்குவது ஒரு நாள் கூத்து. வைத்துக் காப்பாற்றுவதுதான் ஆயுள் தண்டனை. அந்தச் சார்ஜருக்குள் நத்தைக் கூடு போலச் சுருண்ட ஒரு தட்டு இருக்கிறது. அது பம்பரம் போலச் சுற்றாது, மாவு சலிக்கிற சல்லடை போல வட்டமிடும். அதன் விளிம்பில் நூல் கனத்தில் நீளநீளமான பட்டைகள். ஐம்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பிரித்து, பட்டையையும் பேரிங்கையும் மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் பேரிங் காய்ந்து, மெல்லிசாக ஒரு விசில் எழும்பும். அதுதான் கடைசி எச்சரிக்கை. அப்போதே வண்டியை நிறுத்தினால் பிழைத்தது. மீறி ஓட்டினால் தட்டு சுவரில் உரசும், உடையும், உடைந்த துண்டுகளை இஞ்சின் விழுங்கும். புதிதாக வாங்கலாம் என்றால், செய்தவர்களே செய்வதை நிறுத்தி இருபத்தைந்து வருடமாகிறது.

"சார்ஜர் போயிடுமோன்னு பயமா இருக்கும்மா," என்று அக்கா முதன்முதலில் சொன்னபோது, தெருமுனைக் கடையில் கொத்துக்கொத்தாகத் தொங்குகிறதே, இரண்டாக வாங்கிப் போட்டுக்கொள் என்று அம்மா யோசனை சொன்னாள். பிறகு அது முன்னறையில் பழைய போர்வைமேல் பிரித்துப் பரப்பப்பட்டதைப் பார்த்த அன்று வாயடைத்துப் போனாள். ஒவ்வொரு போல்ட்டும் கழற்றிய வரிசையிலேயே போர்வையில் நிற்கும். யாரும் அந்த அறையைக் கடக்கக் கூடாது, ஃபேன் போடக் கூடாது. இரண்டு நாள் அடுக்களைக்குப் பின்வாசல் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். மாட்டி முடித்ததும் அம்மாவின் நீளமான மரக்கரண்டியை எடுத்துப்போய், ஒரு முனையைச் சார்ஜரில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பாள். டாக்டர் நெஞ்சில் குழல் வைப்பது போல. அந்தக் கரண்டியைத் திரும்ப அடுக்களைக்குள் விட அம்மா சம்மதிக்கவில்லை. அது வண்டியின் சொத்தாகிவிட்டது.

அதே கார் ஊரில் இன்னும் ஒன்றுதான் இருந்தது, பச்சை நிறம். மருந்துக்கடைக்காரர் ஒருவருடையது. ஒரு சிக்னலில் அக்காவின் வண்டி முனகலைக் கேட்டு, பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடிக்க அடிக்க, இறங்கி ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார். பாம்பின் கால் பாம்பறியும். அன்றிலிருந்து ஆயில் சீல் ஒன்று கிடைத்தால் இரண்டு வாங்குவதும், பெல்ட் கிடைத்தால் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்வதுமாக ஒரு உறவு. அவருடைய மனைவியால் நடக்க முடியாது. ஞாயிறு காலை அவரைத் தூக்கி முன் சீட்டில் உட்காரவைத்து, ஏரிக்கரை வரை போய்த் திரும்புவார். அந்த அம்மாவுக்கு வாரத்தில் வெளியுலகம் அவ்வளவுதான்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அக்காவின் சார்ஜரில் பேரிங் உட்காரும் குழியே தேய்ந்துவிட்டிருந்தது. வீட்டில் சரிசெய்கிற காரியமில்லை. துறைமுகத்துப் பக்கம் ஒரே ஒரு பட்டறைக்காரர்தான் இதைக் கடைந்து சரிசெய்வார். அவரிடம் ஆறு மாத வரிசை. பெட்டியில் போட்டு அனுப்பிவைத்தாள். அனுப்பிய ஐந்தாவது வாரம் அவளுக்கு அடிவயிற்றில் கட்டி என்று தெரிந்தது. பட்ட காலிலே படும் என்பது சும்மாவா? அறுத்தெடுத்தார்கள். பிறகு ஆறு தவணை மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள்.

மருந்து ஏற்றும் முன் ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். நான்கு பக்கம், வீட்டில் பேசுகிற மொழியில் இல்லை. அக்கா பத்தோடு நிறுத்திக்கொண்டவள்.

"நீ படிச்சுச் சொல்லுடா. வேற எதுக்கு உன்னைப் படிக்க வெச்சோம்?"

தம்பி படித்தான். வாந்தி வரும், முடி போகும், சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும், ரத்தம் குறையும். வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவனை மூன்றாம் பக்கத்தில் ஒரு சொல் தடுக்கிவிட்டது. நீளமான சொல். அவன் பார்த்தே இராத சொல். நர்ஸ் பேனாவை நீட்டிக்கொண்டு நின்றாள். இது என்ன என்று அவளிடம் கேட்க ஒரு நொடி ஆகியிருக்காது. ஆனால் அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டிலிருந்து முதன்முதலாகப் பட்டம் வாங்கியவனுக்குத் தெரியாதது என்று ஒன்று இருக்க முடியாது என்கிற பார்வை.

"இன்னும் இதே மாதிரிதான்க்கா," என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினான்.

அவள் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் அலுவலகக் கணினியில் அந்தச் சொல்லைத் தட்டிப் பார்த்தான். காதுக்கு நஞ்சு என்று பொருள். உச்சமான சத்தங்கள் முதலில் போகும், போனது திரும்பாது, எல்லோருக்கும் வருவதில்லை என்றும் இருந்தது. அந்தக் கடைசி வார்த்தைகளை அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். சொன்னால் பயந்து மருந்தையே வேண்டாம் என்பாள், உயிரா காதா என்று தனக்குத்தானே கேட்டு, தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டான். ஆனால் சொல்லாததற்குக் காரணம் அவள் உயிர்மேல் இருந்த பயமா, நர்ஸ் முன்னால் தெரியாது என்று சொல்லக் கூசிய வெட்கமா? இரண்டில் எது முந்தியது என்று அவனால் இன்றுவரை சத்தியம் செய்து சொல்ல முடியாது.

நான்காவது தவணைக்குப் பிறகு ஒருநாள், அக்கா தெர்மாமீட்டரை அக்குளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். அது பீப் பீப்பென்று கூவி ஓய்ந்து வெகுநேரமாகியிருந்தது.

"இது கெட்டுப்போச்சுடா. சத்தமே வரல."

தம்பி கடைக்குப் போய்ப் புது தெர்மாமீட்டர் வாங்கி வந்தான். அதுவும் மட்டமான சரக்கு என்றாள். ஆமாக்கா, இப்பல்லாம் எதுவும் உருப்படியில்லை என்று அவனும் ஒத்துப் பாடினான்.

ஆறு தவணையும் முடிந்து, எலும்பும் தோலுமாக, தலையில் துணி கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். ஓட்ட வேண்டும். ஆனால் வண்டியோ சார்ஜர் இல்லாமல் பல் பிடுங்கிய வாய் போல நின்றது. பட்டறைக்காரர் இன்னும் இரண்டு மாதம் என்றார். மருந்துக்கடைக்காரர் பார்க்க வந்தார், போனார். மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே மறுபடி வந்தார். கையில், துண்டில் சுற்றி, பச்சைப்பிள்ளையைப் போல அவருடைய சார்ஜர்.

"நாப்பத்தி மூணாயிரம் ஓடியிருக்கும்மா. இன்னும் ஒரு நாலாயிரம் தாராளமா தாங்கும். உன்னது வந்ததும் இதைத் திருப்பி மாட்டிக் குடு."

அந்த அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை என்ன ஆகும் என்று அக்கா கேட்டாள். அவள் சொல்லித்தான் கழற்றி வந்தேன் என்றார்.

"என் கையாலயே மாட்டித் தர்றேன் சார். வேற யாரும் தொட மாட்டாங்க."

"விசில் கேட்டா மட்டும்..."

"அங்கேயே நிறுத்திடுவேன். எனக்குத் தெரியாதா?"

ரசீது கிடையாது, சாட்சி கிடையாது. அவர்களுக்குள் அது வேண்டியிருக்கவும் இல்லை. ஊரில் உயிரோடு இருந்த ஒரே சார்ஜர் இப்போது அவள் பொறுப்பில். அதை உயிரோடு திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அக்காவுக்கு நிறம் திரும்பிற்று. தினமும் சாயங்காலம் தம்பி வாரியத்திலிருந்து வந்ததும் சாவியை எடுத்துக்கொண்டு நிற்பாள். ஊரைத் தாண்டி மேட்டுச் சாலையில் ஏறி, தண்ணீர்த் தொட்டி வரை போய் இறங்குவார்கள். எட்டு நிமிடம் மௌனம், பிறகு ஓயாத பேச்சு. முதல் மாதம் சுகமாகப் போயிற்று. இரண்டாவது மாதத் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம், தொட்டிக்கு முந்தின வளைவில், தம்பியின் காதில் அது விழுந்தது. மெல்லிசாக, கத்தியைக் கல்லில் தீட்டுவது போல, முனகலுக்கு மேலே ஒரு இழை.

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் முகம் தெளிவாக இருந்தது.

"எவ்ளோ அமைதியா ஓடுது பாத்தியா? மனுஷன் எப்படி வெச்சிருக்கார்! என்னோடதுகூட இவ்ளோ சுத்தமா இருந்ததில்ல."

அவன் காலுக்குக் கீழே பிரேக் இருந்தது. மிதிக்கவில்லை. கதவு ரப்பர் வழியாகக் காற்று கூவுகிறது என்று நினைத்துக்கொண்டான். பதினேழு வருடம் வண்டியைக் கேட்டவள் அவள், தானோ நேற்றுவரை பேரிங்குக்கும் போல்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன், அவளுக்குக் கேட்காததா தனக்குக் கேட்டுவிடும் என்றும் சமாதானம் சொல்லிக்கொண்டான். அவளுக்குக் கேட்கவில்லை என்பதும், ஏன் கேட்கவில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். விசிலைப் பற்றி வாயைத் திறந்தால் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். காதைப் பற்றிச் சொன்னால் மூன்றாம் பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கதவு ரப்பர்தான் என்று முடிவு செய்வது அதைவிடச் சுலபமாக இருந்தது.

மூன்று வாரம் அப்படியே ஓடிற்று. விசில் நாளுக்கு நாள் தடித்தது. மேட்டில் ஏறும்போது மாடு மேய்க்கிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா அவர்களைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, அதே வளைவில், தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்கினாற்போல ஒரு சத்தம் வந்தது. அது அவளுக்கும் கேட்டது. உடனே இஞ்சினை அணைத்தாள். வண்டி கொஞ்ச தூரம் உருண்டு நின்றது. வெண்புகை போனட்டைச் சுற்றி எழுந்து, காற்றில்லாத மாலையில் அங்கேயே நின்றது. அக்கா ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"விசில் வரலியே," என்றாள். "விசில் வராம எப்படிடா போகும்?"

வண்டியை இழுத்து வந்து சார்ஜரைக் கழற்றி, பழையபடி முன்னறையில் போர்வையை விரித்தாள். நத்தைத் தட்டு மூன்றாக உடைந்திருந்தது. வெளிக் கூட்டின் உட்சுவர் முழுக்கப் பிறாண்டல். தட்டின் ஒரு துண்டு கடைசிவரை கிடைக்கவில்லை. மருந்துக்கடைக்காரருக்கு அவளே போன் செய்தாள். அவர் வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, துக்க வீட்டில் உட்காருவது போலப் போர்வை ஓரத்தில் உட்கார்ந்தார். துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அக்காவுக்கு எளிதாக இருந்திருக்கும். நான் தினமும் கேட்டுக்கொண்டுதான் சார் இருந்தேன், ஒரு நாள்கூடச் சத்தம் மாறவில்லை என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவர் துண்டைக் கீழே வைத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் என்ன மருந்து ஏற்றினார்கள் என்று கேட்டார். அக்காவுக்குப் பெயர் தெரியவில்லை. தம்பி சொன்னான். அவர் நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு, வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கிறதா என்றார்.

எனக்குக் காய்ச்சல் ஒன்றும் இல்லையே என்று சொல்லிக்கொண்டே அக்கா அதை அக்குளில் வைத்துக்கொண்டாள். ஒரு நிமிடமானது. அது கூவிற்று. அடுக்களையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்:

"சத்தம் வந்துருச்சு பாரு, எடுத்து எவ்ளோன்னு பாரு."

அக்கா கையை இடுக்கியபடியே உட்கார்ந்திருந்தாள், அது கூவட்டும் என்று காத்துக்கொண்டு. எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்ட பிறகுதான் மெல்ல வெளியே எடுத்தாள். சின்னத் திரையில் எண் தெரிந்தது. அதைக் காதருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"அந்தத் தாள்ல இருந்துச்சா?"

"மூணாம் பக்கத்துல."

அக்கா போர்வையில் கிடந்த போல்ட்டுகளை வரிசைப்படுத்த ஆரம்பித்தாள். ஏற்கெனவே வரிசையாகத்தான் இருந்தன.

"நீ படிச்சுச் சொல்லியிருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்டா. உயிர்மேல ஆசை இல்லாதவளா நான்?" என்றாள். குரல் உயரவே இல்லை. "விசிலை மட்டும் உன்னைக் கேக்கச் சொல்லியிருப்பேன்."

எனக்கு விசில் கேட்டது அக்கா என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். அவன் சொல்லவில்லை. அவளிடம் அந்த வாய் அன்றும் திறக்கவில்லை, பிறகும் திறக்கவில்லை.

திங்கட்கிழமை அவளே டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், காது போய்விட்டது, இனிமேல் அந்த சீட்டில் உட்கார மாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தாள். யாருக்கும் தெரியாதே, நீயாக ஏன் சொல்கிறாய் என்று அவர்கூடக் கேட்டாராம். கற்றுக்கொள்கிறவர்கள் உயிர் என் காலடியில் இருக்கிறது சார் என்றாளாம். அதை அம்மாவிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது தம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். மாட்டி முடிக்க வெகுநேரமாயிற்று.

என்னுடையது வந்ததும் உங்களுக்கு என்று மருந்துக்கடைக்காரரிடம் சொல்லியிருந்தாள். வந்தது. பெட்டியைப் பிரித்தால் உள்ளே அனுப்பினபடியே சார்ஜரும், ஒரு கடிதமும். குழி தேறாது, வெளிக் கூடு மெலிந்துவிட்டது, கடைந்தால் விரிசல் விடும் என்று பட்டறைக்காரர் எழுதியிருந்தார். அக்கா தளரவில்லை. தன்னுடையதில் நத்தைத் தட்டு பழுதில்லை. நல்ல கூடு ஒன்று கிடைத்தால் போதும், இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். கூடு தேடி எங்கெங்கோ எழுதினாள். எழுதச் சொல்லி உட்காரவைத்தது தம்பியைத்தான். அவன் எழுதியதை ஒருமுறைக்கு இருமுறை படித்துக் காட்டச் சொன்னாள். எதையும் விட்டுவிடாமல் படித்தான்.

நான்கு மாதத்தில் கட்டி வேறு இடத்தில் முளைத்திருந்தது. இந்த முறை எந்தப் படிவமும் கொடுக்கவில்லை. கொடுப்பதற்கு மருந்து இல்லை.

கடைசி வாரங்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி மேலே பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒருநாள் மதியம் விரலை உயர்த்திக் காட்டினாள்.

"அந்த ஃபேன்ல பேரிங் போயிடுச்சு. தண்டு ஆடுது பாரு. விசில் வருதா?"

தம்பி அண்ணாந்து கேட்டான். மெல்லிசாக வந்தது.

"வருதுக்கா."

"வார்டு ஆளுங்ககிட்ட சொல்லு. கீழ படுத்திருக்கறவங்க மேல விழுந்துடும்."

அவன் போய்ச் சொன்னான். பார்க்கிறோம் என்றார்கள். அவன் விடவில்லை. ஏணி வந்து, ஃபேனைக் கழற்றி எடுத்துப் போகும் வரை அங்கேயே நின்றான். திரும்பி வந்தபோது அவள் தூங்கியிருந்தாள். மறுவாரம் ஒரு விடிகாலையில் போய்விட்டாள்.

வீட்டில் அவள் நோட்டு ஒன்று இருந்தது. எத்தனை கிலோமீட்டரில் எதை மாற்றினாள் என்று பதினேழு வருடத்துக்கும் குண்டு குண்டாக எழுதிவைத்த நோட்டு. கடைசிப் பக்கத்தில் கிலோமீட்டர் எதுவும் இல்லை. 'சாருக்கு ஒரு சார்ஜர். நானே மாட்டித் தர வேண்டும்' என்று மட்டும் இருந்தது.

தம்பி அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனான். சிவப்புக் காரை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் சார் என்றான். அவர் வேண்டாம் என்றார். வீட்டுக்கு அழைத்துப் போய்க் கொட்டகையில் பச்சைக் காரைக் காட்டினார். போனட்டுக்குள் சார்ஜர் இருந்த இடம் காலியாக இருந்தது. தூசி போகாமல், குழாய் வாய்களை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார். அப்போதுதான் தம்பி அதைச் சொன்னான். மூன்று வாரம் தனக்கு விசில் கேட்டது என்று. அக்காவிடம் சொல்லாததை, சொல்லாமலே அவளை அனுப்பிவைத்ததை.

அவர் போனட்டைச் சத்தமில்லாமல் மூடினார்.

"அன்னிக்கே தெரியும் தம்பி. பக்கத்துல உக்காந்தவனுக்குக் கேக்காம இருக்குமா?" என்றார். "அது உனக்கும் உங்கக்காவுக்கும் நடுவுல உள்ளது. அதுல நான் என்ன சொல்ல? எனக்கு அவ தர வேண்டியது ஒரு சார்ஜர்."

இது நடந்து பதினான்கு மாதமாகிறது. தம்பி கூடு தேடிக்கொண்டிருக்கிறான். ஒன்று வந்தது, பிரித்தால் விரிசல். இன்னொன்று, இவன் பதில் எழுதும் முன் விற்றுப்போயிற்று. மாதம் ஒருமுறை மருந்துக்கடைக்குப் போய், இன்னும் கிடைக்கவில்லை சார் என்று சொல்லிவிட்டு வருகிறான். அவர் சரி தம்பி என்கிறார். ஞாயிறு காலையில் அவர் மனைவி ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கொட்டகைக்குப் போய்ப் பச்சைக் காரின் பேட்டரியை மட்டும் போட்டுப் பார்க்கிறார். அழுக்கான துணியை அவிழ்த்து, துவைத்த துணியைக் குழாய் வாயில் கட்டிவிட்டு வருகிறார்.